தலையெழுத்தா, சத்துமாவா?

மேச்சேரி ஆட்டின் பெயர் வெளியூர்க்காரருக்கும் தெரியும். அந்த இனத்தைக் காப்பதற்கென்றே பக்கத்துப் பொட்டனேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குட்டி மெலிந்தால் நம் குடியானவர் என்ன செய்கிறார்? தாய்க்குப் பால் போதவில்லையா, குட்டி வயிற்றில் பூச்சியா என்று பார்க்கிறாரேயொழிய, அது எந்த நட்சத்திரத்தில் பிறந்தது என்று கேட்க ஜோசியனிடம் ஓடுவதில்லை. ஆட்டுக்குட்டிக்குக் கிடைக்கும் இந்தப் பகுத்தறிவு மனிதக் குழந்தைக்கு மாத்திரம் ஏன் கிடைப்பதில்லை என்பதே நமது கேள்வி.

குழந்தை மெலிந்தால் திருஷ்டி என்கிறோம். பேச்சு தாமதித்தால் கோவிலுக்கு வேண்டிக்கொள்கிறோம். படிப்பு ஏறாவிட்டால் தலையில் எழுதினது அவ்வளவுதான் என்று கைகழுவிவிடுகிறோம். அப்படி எழுதினவன் எவன்? பணக்காரன் வீட்டுக்கும் மேல்ஜாதிக்காரன் வீட்டுக்கும் தலைமுறை தலைமுறையாக அழகாய் எழுதினவனுக்குக் கூலிக்காரன் குடிசைக்கு வரும்போது மாத்திரம் கை நடுங்குவானேன்?

உண்மை யாதெனில், ஐந்து வயதுக்குள் குழந்தையின் மூளை ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துவிடுகிறது. அந்த வயதில் கிடைக்கும் சோறும், பேச்சும், விளையாட்டுமே "தலையெழுத்து". இதை விட்டுவிட்டு, விஜயதசமியன்று பச்சரிசியில் விரலைப் பிடித்து ஒருதரம் எழுத வைத்து, ஐயருக்குத் தட்சணை கொடுத்துவிட்டால் அறிவு வந்துவிடும் என்பது எவ்வளவு பெரிய புரட்டு!

நிற்க. இந்நாட்டில் ஏழைப் பிள்ளைக்குச் சோறும் படிப்பும் சேர்ந்து கிடைத்தது எந்தச் சாமியின் கருணையாலும் அல்ல. 1920-இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை ஆயிரம்விளக்குப் பள்ளியில் மத்தியானச் சோறு போட்டார்கள். 1956-இல் காமராசர் அதை நாடெங்கும் பரப்பினார். 1975-இல் அங்கன்வாடித் திட்டம் வந்தது. 1982-இல் இரண்டு வயதுக் குழந்தைக்கும் பால்வாடியில் சத்துணவு வந்தது. 2013-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு இதை உரிமையாகவே ஆக்கிவிட்டது. பிச்சையல்ல, உரிமை!

ஆனால் நாம் பால்வாடியைச் சோறு போடும் இடம் என்று மாத்திரம் எண்ணுகிறோம். எடை பார்ப்பதும், தடுப்பூசிக்கு வழி செய்வதும், கர்ப்பிணிக்குச் சத்துமாவு கொடுப்பதும், பாட்டாலும் விளையாட்டாலும் கற்பிப்பதும் அங்கேதான். தாய் கூலிக்குப் போகும் வீட்டில் தம்பியைப் பார்க்க அக்காவின் படிப்பை நிறுத்துகிறார்களே, பால்வாடி சரியாக நடந்தால் அந்தப் பெண்ணும் படிப்பாள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதல் நம் சேலம் ஜில்லாவில்தான் தொடங்க வேண்டியிருந்தது. பெண்ணைப் பிறந்தவுடன் கொல்வது கொலையென்றால், உயிரோடு விட்டு அறிவைக் கொல்வதற்கு என்ன பெயர்?

அன்றியும், சமைப்பவள் ஆதிதிராவிடப் பெண் என்பதற்காகப் பிள்ளையை அனுப்பாத மகானுபாவர்களும் நாட்டில் இருக்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு ஜாதி தெரியாது. சோறு எது என்றுதான் தெரியும். அதற்கு எழுத்துக்கு முன்னே ஜாதியைக் கற்பிக்கிறவன் தகப்பனா, சத்துருவா? பள்ளிச் சத்துணவுச் சமையல் வேலையில் தாழ்த்தப்பட்டோருக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டே 2004-இல் உத்தரவிட்டிருக்கிறது.

இன்னொரு உத்தரவும் உண்டு. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்தும் அங்கன்வாடி இல்லாத ஊரோ சேரியோ கேட்டால், மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டுமென்று 2006 டிசம்பரில் அதே கோர்ட் சொல்லிற்று. கேட்டால்தான் கிடைக்கும்! நாமோ வரம் கேட்கிறோமே தவிர, மனுக் கொடுப்பதில்லை.

மாசியில் பத்ரகாளியம்மன் தேர் வடத்தைப் பிடிக்க எத்தனை கைகள் வருகின்றன! இழுத்த தேர் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. அந்தக் கைகளில் தெருவுக்குப் பத்துக் கை சேர்ந்து பால்வாடியின் ஓட்டைப் பார்க்கட்டும், தண்ணீரைப் பார்க்கட்டும், எடைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். திருவிழாவுக்கு வரி கொடுக்கிற வீடு, வருஷம் ஒரு படப் புத்தகமும் ஒரு பந்தும் வாங்கிக் கொடுக்கட்டும். மாதம் ஒருநாள் தாய்மார் மாத்திரமல்ல, தகப்பன்மாரும் அங்கே போய் உட்காரட்டும்.

தோழர்களே! தேர் இழுத்தால் தேர்தான் நகரும். குழந்தையைத் தூக்கிவிட்டால் சமுதாயமே நகரும். எது வேண்டுமென்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.