பதினாறு வயதும் ஏழாண்டுக் கணக்கும்

கொடுங்குற்ற வழக்குகளில் சிக்கும் 16 முதல் 18 வயது வரையிலான சிறாரை வயதுவந்தோராகக் கருதி விசாரிக்க, 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் இந்தியாவில் வழிதிறந்தது. அதற்குத் தூண்டுகோல் 2012 டிசம்பர் டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கு. அதில் 18 வயது நிரம்பச் சில மாதங்களே இருந்த ஒருவனுக்கு, அன்றைய சட்டப்படி அதிகபட்சமான மூன்றாண்டு சீர்திருத்த இல்லவாசம் விதிக்கப்பட்டது. 2015 டிசம்பர் 20 அன்று அவன் வெளியே வந்தான். 22 அன்று மாநிலங்களவை மசோதாவை நிறைவேற்றிவிட்டது. வயது வரம்பைக் குறைக்க வேண்டாம் என்று அவ்வழக்குக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு 2013இலேயே சொல்லியிருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழுவும் இந்த வயதினரைத் தனியே பிரிப்பதை ஏற்கவில்லை. மக்கள் கோபத்தின் முன் இரண்டுமே எடுபடவில்லை.

சட்டம் எல்லாச் சிறுவர்களையும் நேராகச் சிறார் நீதிமன்றமாகச் செயல்படும் அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவதில்லை. ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் அடங்கிய இளஞ்சிறார் நீதிக் குழுமம் முதலில் ‘முதல்நிலை மதிப்பீடு’ செய்ய வேண்டும். குற்றத்தைச் செய்வதற்கான மன, உடல் திறன் சிறுவனுக்கு இருந்ததா, விளைவைப் புரிந்துகொள்ளக் கூடியவனா, எந்தச் சூழலில் அது நடந்தது என்பவையே கேள்விகள். இது விசாரணை அல்ல என்று சட்டமே விளக்குகிறது. ஆனால், அவன்தான் செய்தான் என்பது நிரூபணமாகும் முன்பே, எந்த மனநிலையில் செய்தான் என்று குழுமம் கணிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாட்டின் ஆகப் பெரிய ஓட்டை இதுதான்.

காலமும் ஒத்துழைப்பதில்லை. மதிப்பீட்டுக்குச் சட்டம் தரும் அவகாசம் மூன்று மாதம். 2017இல் குருகிராம் பள்ளியொன்றில் ஏழு வயது மாணவன் கொல்லப்பட்ட வழக்கிலோ, மதிப்பீட்டைப் புதிதாகச் செய்யச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில்தான் உறுதிசெய்தது. சம்பவத்தின்போது 16 வயதாக இருந்த குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு அதற்குள் 21 வயது கடந்திருந்தது. குழுமத்தில் உளவியல் படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்றும் அத்தீர்ப்பு சொன்னது. நல்ல உத்தரவுதான், ஆனால், ஐந்தாண்டுக்கு முந்தைய மனதை எந்த நிபுணரால் அளக்க முடியும்?

அந்த மதிப்பீட்டுக்குள் யார் வருகிறார் என்பதைத் தீர்மானிப்பதோ சிறுவனின் மனம் அல்ல, தண்டனைப் பட்டியல். குறைந்தபட்சத் தண்டனை ஏழாண்டு அல்லது அதற்கு மேல் உள்ள குற்றமே ‘கொடுங்குற்றம்’. அதிகபட்சம் எவ்வளவு இருந்தாலும், குறைந்தபட்சம் வரையறுக்கப்படாத குற்றம் இதில் சேராது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2021 திருத்தமும் அதையே சட்டமாக்கியது.

விளைவு விசித்திரமானது. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்பட்ட சொகுசுக் கார் மோதி இருவர் இறந்தனர். 300 சொல்லில் விபத்து பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் வழங்கப்பட்டதில் நாடே கொதித்தது. கொலையாகாத மரணம் விளைவித்ததாகப் போலீஸ் பதிந்த பிரிவில் குறைந்தபட்சத் தண்டனை ஏழாண்டு கிடையாது. அவனை வயதுவந்தவராக விசாரிக்கக் கோரிய போலீஸாரின் மனுவைக் குழுமம் 2025இல் நிராகரித்தது. அதே வயதுச் சிறுவன் 16 வயதுக் காதலியோடு ஊரைவிட்டுப் போய், உறவு கொண்டதாக வழக்கானால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி குறைந்தபட்சம் பத்தாண்டு. அவள் சம்மதம் கணக்கில் வராது. அவன் மதிப்பீட்டுக்கு நிற்க வேண்டும்.

வயதுவந்தவராக விசாரிக்கப்பட்டாலும் மரண தண்டனையோ, விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாது. 21 வயது வரை சிறை கிடையாது; பாதுகாப்பிடத்தில்தான் வைக்க வேண்டும். அந்த வயதில் அவன் திருந்தியிருக்கிறானா என்று சிறார் நீதிமன்றம் பார்த்து, விடுவிக்கலாம், அல்லது மிச்சக் காலத்துக்குச் சிறைக்கு அனுப்பலாம். ஆனால், மற்றச் சிறார்க்குக் கிடைக்கும் ஒரு சலுகை இவர்களுக்கு இல்லை: குற்றப் பதிவு அழிக்கப்படுவதில்லை. திருந்திவிட்டான் என்று நீதிமன்றமே விடுவித்த பிறகும், வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பில் அந்தப் பதிவு எழுந்து நிற்கும்.