தூதர் என்று அனுப்பினால் போதுமா?

ஜூலை 14 வந்தால் எங்கள் புதுச்சேரி கடற்கரையில், போர் நினைவுச் சின்னத்தின் முன் மர்செய்யேஸ் கேட்கும். பிரெஞ்சில் படித்த எனக்கு அது பள்ளிக்கூடத்துப் பாட்டு. இம்முறை பக்கத்தில் நின்ற நண்பர், "ராணுவ பாண்டை அனுப்பினால் போதும் சார், நாடுகள் சேர்ந்துவிடும். இசைக்கு ஏது பேதம்?" என்றார். எனக்கு ஒப்பவில்லை.

1918 தொடக்கத்தில் இதே மர்செய்யேஸை பிரெஸ்த் துறைமுகத்தில் ஓர் அமெரிக்க பாண்டு வாசித்தது. பின்னாளில் 369-வது ரெஜிமென்ட் எனப் பெயர்பெற்ற, நியூயார்க் ஹார்லெம் பகுதிக் கறுப்பினச் சிப்பாய்களின் பாண்டு. மாஸ்டர் ஜேம்ஸ் ரீஸ் யூரோப். தாளம் புதிது, சில அடிகள் போன பிறகே அது தங்கள் கீதம் என்று பிரெஞ்சுக்காரர்களுக்குப் புரிந்ததாம். பிப்ரவரி 12-ல் நாந்த் நகரில் கச்சேரி, பிறகு எக்ஸ்-லே-பேன். போன இடமெல்லாம் கைதட்டல்.

பாண்டுக்குக் கைதட்டல், ரெஜிமென்டுக்கு? செயின்ட் நசேரில் தண்டவாளம் போடும் வேலை. வெள்ளையரோடு சேர்ந்து போரிடவிட மனமில்லாத அமெரிக்கத் தலைமை, அவர்களைப் பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்தது. 191 நாள் போர்முனையில் நின்றார்கள். பிரான்சு ரெஜிமென்டுக்கே குருவா தெ கேர் பதக்கம் தந்தது.

அதற்காகப் பிரான்சை மெச்சிவிடாதீர்கள். 1918 ஆகஸ்டில் கர்னல் லினார் பிரெஞ்சு அதிகாரிகளுக்கு ஒரு ரகசியச் சுற்றறிக்கை விட்டார்: கறுப்பினத்தாரோடு சாப்பிடாதீர்கள், கை குலுக்காதீர்கள், அமெரிக்கர் முன்னிலையில் அவர்களை அதிகம் புகழாதீர்கள்! சமத்துவம் என்று பாடம் படித்த எனக்கு அது வெட்கம்.

1919 பிப்ரவரியில் நியூயார்க்கில் பெரிய ஊர்வலம். அதே ஆண்டு கோடையில் அமெரிக்காவின் பல ஊர்களில் கறுப்பினத்தார் மீது வெறியாட்டம். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் தப்பவில்லை. அமெரிக்க காங்கிரசின் தங்கப் பதக்கத்துக்குச் சட்டம் வந்தது 2021-ல். நான் குமாஸ்தா, கோப்பு தூங்குவதைப் பார்த்தவன். நூறு வருஷம் தூங்கிய கோப்பை நான் பார்த்ததில்லை.

இசை தன் வேலையைச் சரியாகவே செய்தது, குறை அதிலில்லை. வாசித்தவனை வெளியூரில் தூதன் என்றும் உள்ளூரில் தீண்டத்தகாதவன் என்றும் வைத்தவர்கள்தான் குற்றவாளிகள். அடுத்த முறை பாண்டு கேட்டுக் கைதட்டும்போது, வாசிக்கிறவர் வீடு திரும்பினால் அவருக்கு அங்கே நாற்காலி உண்டா என்றும் கேளுங்கள்.