ஜோதாவின் கப்பலைக் காணோம்!

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை... எந்தத் தெருவில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அக்பரின் மனைவி யார் என்றால் "ஜோதா" என்று பட்டென்று பதில் வரும். ஜீ டிவியில் 2013 முதல் 2015 வரை 500 எபிசோடுகளுக்கு மேல் ஓடி, தமிழிலும் மொழிமாற்றமாகி வந்த 'ஜோதா அக்பர்' தொடரின் உபயம்!

ஆனால் அக்பர்நாமாவில் அந்தப் பெயரே இல்லை. மகன் ஜஹாங்கீரின் நினைவுக்குறிப்பிலும் இல்லை. ஆமேர் ராஜா பார்மலின் மகளான அவர் 1562-ல் அக்பரை மணந்தார், 1569-ல் சலீமைப் பெற்றார். அவருக்குக் கிடைத்த பட்டம் மரியம் உஸ் ஸமானி. ஜோத் பாய் என்று அழைக்கப்பட்டவர் ஜஹாங்கீரின் மனைவி, ஷாஜஹானின் தாய். ஆக, மருமகள் பெயரை மாமியாருக்குச் சூட்டியாயிற்று!

சரி, பெயர் போகட்டும். தொடரில் மாஹம் அங்கா மாதக்கணக்கில் சதி செய்கிறார். நிஜத்தில் அவர் கல்யாணம் நடந்த அதே 1562-ல் இறந்துவிட்டார்.

"சீரியல்தானே, கற்பனைதானே" என்பார்கள். கற்பனை தப்பில்லை. ஆனால் அது ஏன் எப்போதும் சமையல்கட்டுக்கும் அந்தப்புரத்துக்கும் நடுவிலேயே சுற்றுகிறது? நிஜ ராணிக்குச் சொந்தமாகக் கப்பல் இருந்தது. பெயர் ரஹீமி. சூரத்திலிருந்து செங்கடலுக்குச் சரக்கும் ஹஜ் பயணிகளும் ஏற்றிச் சென்ற கப்பல். 1613-ல் போர்ச்சுகீசியர்கள் அதைப் பிடித்துக்கொண்டு போனதும், ஜஹாங்கீர் டாமனை முற்றுகையிடச் சொன்னார். ஒரு பெண்ணின் வியாபாரத்தில் கைவைத்ததற்கு ஒரு பேரரசே கொதித்தது! லாகூரில் அவர் பெயரால் 1614-ல் கட்டி முடிக்கப்பட்ட மசூதி இன்றும் நிற்கிறது.

சக்களத்திச் சண்டையை விட இதில் என்ன சுவாரஸ்யம் குறைச்சல்?

தொடரை எதிர்த்து 2013-ல் போராடியவர்களும் இதைக் கேட்கவில்லை. அவர்கள் கவலை குலப்பெருமை. சேனலின் கவலை டிஆர்பி. இரண்டு தரப்புக்கும் அவர் யாரோ ஒருவரின் மகள், யாரோ ஒருவரின் மனைவி. அவ்வளவுதான்.

இதில் நஷ்டம் யாருக்கு? ராணி 1623-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். நஷ்டம், ராத்திரி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தொடரைப் பார்த்த பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு. ராணி என்றால் நகை போட்டுக்கொண்டு அழுபவள் என்றுதான் அவள் கற்றுக்கொண்டாள். கப்பல் ஓட்டியவள் என்று யாரும் சொல்லவேயில்லை.