பாட்டீலை வென்ற கவுன்சிலர்

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஜார்ஜ் பெர்னாண்டஸ் என்றதும் எங்கள் ஆட்களுக்கு நினைவு வருவது 1974 மே மாதம்: அவர் தலைமையில் நாடு முழுக்க 20 நாள் ரயில்வே வேலைநிறுத்தம். என்னைக் கேட்டால், அதற்கும் முன்னால் அவர் பம்பாய் மாநகராட்சிக் கவுன்சிலராக இருந்த கதையைத்தான் சொல்வேன்.

மங்களூர்க்காரர். பாதிரியார் ஆகட்டும் என்று வீட்டில் பெங்களூர் செமினரிக்கு அனுப்பினார்கள். அங்கே மனம் ஒட்டவில்லை. 1949இல் பம்பாய்க்குப் பிழைக்கப் போனார். சௌபாத்தி கடற்கரை பெஞ்சில் படுத்திருப்பார். நடு ராத்திரியில் போலீஸ்காரர் எழுப்பி விரட்டுவார். பத்திரிகையில் புரூஃப் பார்த்தார். பிறகு துறைமுகம், ஓட்டல், டாக்சி, மாநகராட்சித் துப்புரவு என்று ஒவ்வொரு பிரிவாகத் தொழிலாளர்களைச் சங்கத்தில் சேர்த்தார். 1961இல் கவுன்சிலர்.

1967இல் தென் பம்பாயில் அவர் மோதியது எஸ்.கே. பாட்டீலோடு. மத்திய ரயில்வே அமைச்சர், காங்கிரஸுக்கு நிதி திரட்டித் தந்தவர். அவரைத் தோற்கடித்து இந்தக் கவுன்சிலர் நாடாளுமன்றம் போனார். இத்தனைக்கும் பாட்டீலும் அதே மாநகராட்சியில் மூன்று முறை மேயராக இருந்தவர். டெல்லி போனபின் பாட்டீல் பெரிய மனிதர்களோடு இருந்தார். பெர்னாண்டஸ் குப்பை லாரித் தொழிலாளியோடு இருந்தார். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அதுதான்.

1989இல் அதே ரயில்வே துறை பெர்னாண்டஸ் கைக்கு வந்தது. மலையும் ஆறும் குறுக்கிட்டதால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த கொங்கண் கடலோரப் பாதைக்கு, 1990இல் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் தனிக் கழகமே அமைத்தார். ரோகாவிலிருந்து மங்களூர் பக்கம் வரை 700 கிலோமீட்டருக்கு மேல். அந்தக் கடலோரத்திலிருந்து பம்பாய்க்குப் பிழைக்கப் போகிறவன் படும் பாடு அவருக்குத் தெரியும். பின்னாளில் அவர் சேர்ந்த பா.ஜ.க. கூட்டணி எனக்கு உடன்பாடில்லை. அதற்காக இந்த வேலையை மறுக்க மாட்டேன்.

அன்றைய பெர்னாண்டஸைப் போல எங்கள் பகுதியிலும் ஒரு கவுன்சிலர் உண்டு. சாக்கடை அடைத்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடைப்பு எடுத்து முடிகிறவரை அங்கேயே நிற்பார். எந்தத் தெருவில் எந்த வருஷம் குழாய் பதித்தார்கள் என்று ஏட்டைப் பார்க்காமல் சொல்வார். அவருக்கு எம்.பி. சீட்டு யாரும் தரப்போவதில்லை. எவ்வளவு செலவு செய்ய முடியும் என்ற கேள்வியிலேயே அவர் அடிபட்டுப் போவார். வேட்பாளர் நேர்காணலில் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, எந்த வார்டில் என்ன வேலை பார்த்தாய் என்று கட்சிகள் முதலில் கேட்க வேண்டும்.