புகையை மாற்றும் தகடு எத்தனை மணி நேரம் தாங்கும்?

கரியமில வாயுவை உப்புக் கரைசலில் கரைத்து, அதில் உலோகத் தகட்டை மாட்டிக் கரண்ட் விட்டால் எரிபொருளோ ரசாயனமோ கிடைக்கும். வித்தை ஒன்றுமில்லை. ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யோஷியோ ஹோரியும் குழுவினரும் 1985-லேயே அளந்து எழுதிவிட்டார்கள். வெள்ளி, தங்கத் தகடுகளில் கார்பன் மோனாக்சைடு வரும். வெள்ளீயத்திலும் காரீயத்திலும் ஃபார்மிக் அமில வகை. செம்பு மட்டும்தான் மீத்தேன், எத்திலீன் வரை போகும். இரும்பும் நிக்கலும் பெரும்பாலும் ஹைட்ரஜன் குமிழியை விட்டுவிட்டுச் சும்மா இருக்கும்.

அந்தக் குமிழியை எனக்கு நன்றாகத் தெரியும். திண்டுக்கல்லில் பூட்டுக்கும் சாவிக்கும் நிக்கல் முலாம் பூசியே பிழைத்தவன் நான். இப்போது பட்டறையை விட்டுவிட்டுச் சேவுகம்பட்டியில் வாழை பார்க்கிறேன். முலாம் தொட்டியில் குமிழி ஒட்டிய இடமெல்லாம் புள்ளி விழும், சரக்கு திரும்பி வரும். கரியமில வாயுத் தொட்டியிலும் நமது கரண்டைத் தின்பது அதே ஹைட்ரஜன்தான்.

ஹோரி 2005-ல் எழுதிய இன்னொரு கட்டுரைதான் என்னை உட்கார வைத்தது. செம்புத் தகடு சிறிது நேரத்திலேயே சோர்ந்துபோய் மீத்தேனுக்குப் பதில் ஹைட்ரஜன் தருவது ஏன் என்று பார்த்திருக்கிறார். கரைசலில் துளியூண்டு இருந்த இரும்பும் துத்தநாகமும் தகட்டில் படிந்ததுதான் காரணம். வேறொரு தகட்டை மாட்டி முதலில் கரண்ட் விட்டு அந்த அழுக்கை எடுத்துவிட்டால் போதும். இதைத்தான் பட்டறையில் 'டம்மி போடுறது' என்போம். நெளித்த தகட்டைத் தொங்கவிட்டு, ஆம்பியரைக் குறைத்து, ராத்திரி முழுக்க ஓட்டினால் காலையில் பள்ளமெல்லாம் கருத்திருக்கும்.

அதனால்தான் மாதம் ஒரு புது நானோ உலோகம் என்று செய்தி வரும்போது எனக்கு ஆர்வம் வருவதில்லை. எத்தனை மணி நேரம் ஓடியது என்றுதான் தேடுகிறேன். காஸ்டிக் சோடா ஆலைகளில் மின்முனைகள் வருடக்கணக்கில் உழைக்கின்றன. இங்கோ சில நூறு மணி நேரமே பெருமை. இப்போதெல்லாம் வாயுவைத் தகட்டின் முதுகுப் பக்கம் நேராக ஊட்டுகிறார்கள். அங்கே பைகார்பனேட் உப்பு படிந்து, எங்கள் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய் மாதிரி அடைத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார் 2025-ல் செய்தது என்ன? வாயுவை வெறும் தண்ணீருக்குப் பதில் அமிலத்தின் வழியே விட்டார்கள். பெரிய அளவில் அமைத்த வெள்ளித் தகட்டுத் தொட்டி 4,500 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. புது உலோகமே தேவைப்படவில்லை.

கரண்ட் கணக்கையும் பார்த்துவிடுவோம். மூன்று வோல்ட்டில் ஓடும் தொட்டி ஒரு டன் கார்பன் மோனாக்சைடு தர, ஃபாரடே கணக்குப்படி சுமார் 5,700 யூனிட் கேட்கும். அதில் செலவாகும் கரியமில வாயு 1.6 டன்கூட இல்லை. அந்த யூனிட்டுகளை நிலக்கரியில் எடுத்தால் ஐந்து டன்னுக்கு மேல் புகைபோக்கி வழியே போய்விடும். காற்றாலை, சூரிய மின்சாரம் இல்லாமல் இந்தப் பேச்சே வீண்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். முலாம் தொழில் அதற்குப் புதிதல்ல. இந்த வேலைக்கு அரசு பணம் ஒதுக்கினால், புது உலோகம் தேட அல்ல, ஒரே தொட்டியை விடாமல் ஓட்டிப் பார்க்க ஒதுக்கட்டும். திண்டுக்கல், மதுரை, கோவைப் பட்டறைகளில் தொட்டி பார்த்தவர்கள் இரண்டு பேரையாவது கூட வைத்துக்கொள்ளட்டும். ஆடிக் காற்று சீசன் முழுக்கக் காற்றாலைக் கரண்டிலேயே ஓட்ட வேண்டும். காற்று நின்றால் கரண்டும் நிற்கும், அதுதான் உண்மையான சோதனை. நடுவில் கரண்ட் போய் வந்தால் நிக்கல் மேல் விழும் அடுத்த பூச்சு தோலாய் உரிந்துவிடும். செம்புத் தகட்டின் மேற்பரப்பும் அப்படி நின்று நின்று வரும் கரண்டில் மாறிப்போகும். சீசன் முடிந்ததும் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை தகடு மாற்றினோம் என்று தமிழில் ஒரு பக்கம் வெளியிட்டால் போதும்.