முழங்கால் ஊசியும் நகைக்கடனும்

நெசவாளிக்குத் தறி ஒரு மூலதனமாயின், மிதியை அழுத்தும் கால் மற்றொரு மூலதனமாகும். நாற்று நடுவோர்க்கும் களை எடுப்போர்க்கும் இது பொருந்தும். மயிலம் வட்டாரச் சங்கங்களுக்கு ஆய்வுக்குச் செல்லும்போதெல்லாம், மூட்டுத் தேய்மானத்தால் வருந்தும் அங்கத்தினர் பலரைக் காண்கிறேன்.

அண்மையில் முதிய அங்கத்தினர் ஒருவர் நகைக்கடன் கோரி வந்தார். சென்ற ஆண்டு முழங்காலில் போட்ட ஊசியின் பயன் இரண்டு மாதமே நின்றதென்றும், இப்போது விலையுயர்ந்த வேறோர் ஊசியைத் தொடர்ந்து போடப் போவதாகவும் கூறினார். நகை அவருடையது, தடுக்கும் உரிமை எனக்கில்லை. எனினும் உண்மையைக் கூறுவது கடமையன்றோ?

மூட்டினுள் ஸ்டீராய்டு மருந்து செலுத்தும் முறையை அமெரிக்க மருத்துவர் ஹாலண்டர் 1951-இல் வெளியிட்டார். வீக்கமும் கடும் வலியும் உள்ளபோது அது சில வாரங்களுக்கு ஆறுதல் தரும். தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. 2017-இல் வெளியான ஆய்வொன்றில் 140 பேருக்கு மூன்று மாதத்திற்கொருமுறை ஈராண்டுகள் ஊசி போடப்பட்டது. வெறும் உப்புநீர் பெற்றவர்களைவிட ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு வலி குறையவில்லை; குருத்தெலும்பு இழப்போ மிகுந்தது. நீரிழிவுள்ளோர்க்குச் சில நாள் சர்க்கரை ஏறுவதும் உண்டு. நோயாளியின் இரத்தத்திலிருந்தே எடுத்துச் செலுத்தும் பி.ஆர்.பி. ஊசியும் உப்புநீரினும் மேம்பட்டதன்று என 288 பேரிடம் நடத்திய ஆஸ்திரேலிய ஆய்வு 2021-இல் காட்டியது.

தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், உடல் எடைக் குறைப்பும் செலவற்றவை, பயன் நிலைப்பவை. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டிச் சற்றே நிறுத்தி மெல்ல இறக்குவதைத் தறியைவிட்டு எழும்போதெல்லாம் செய்யலாம். அன்றாடக் கூலிக்காரன் வாரக்கணக்கில் பயனுக்குக் காத்திருக்க முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வலி பொறுக்க இயலாதபோது, பயிற்சியைத் தொடங்குவதற்குத் துணையாக மருத்துவர் ஓர் ஊசி போடுவதை நான் பழிக்கவில்லை. ஊசியையே பயிற்சிக்கு மாற்றாகக் கொண்டு, அதற்காக நகையை அடகு வைப்பதையே மறுக்கிறேன்.

கடன் வாங்குமுன் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிக் கருத்துக் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. சங்க நிர்வாகிகள் பொதுப்பேரவைக் கூட்டத்திற்கு இயன்முறை மருத்துவர் ஒருவரை அழைத்து அரைமணி நேரம் ஒதுக்கட்டும். கடன் கொடுப்பது மட்டுமன்று, வீண் கடனைத் தவிர்க்கக் கற்பிப்பதும் கூட்டுறவே.