பதினோராம் வகுப்பில் பாடத் தொகுதியைத் தெரிந்தெடுத்தல்

சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசற் பூமியில் மானாவாரிப் பயிர் செய்யும் குடியானவர், பருத்திக்கோ மக்காச்சோளத்துக்கோ விதை வாங்குமுன் நாலு பேரை விசாரியாமல் இருப்பதில்லை. ஆனால், பத்தாம் வகுப்பில் தேறிய தம் பிள்ளைக்கு மேற்கொண்டு எந்தப் பாடத் தொகுதி தகும் என்பதில் அவர்களிற் பலர் ஒரு நாள் யோசனையும் செய்வதில்லை. அடுத்த வீட்டுப் பையன் எந்தக் 'குரூப்' எடுத்தானோ அதுவே போதும் என்று கையொப்பமிட்டுத் திரும்புகிறார்கள். விதையில் நேர்ந்த பிழை ஒரு போகத்தோடு தீரும். இப்பிழை அவ்வாறு தீர்வதன்று.

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் 1978-ம் வருஷத்தில் ஏற்பட்டன. அது முதற்கொண்டு, கலாசாலையில் எப்படிப்பில் சேரலாம் என்பது பெரும்பாலும் பதினோராம் வகுப்பின் வாயிலிலேயே முடிவாகிவிடுகிறது. கணிதம் பயிலாதவருக்கு வேளாண்மைப் பொறியியல் இல்லை. உயிரியல் பயிலாதவருக்குக் கால்நடை வைத்தியம் இல்லை. இரண்டு வருஷம் கழித்து இதனை அறிந்து வருந்துவதால் பயன் யாது?

2017 முதல் இந்நாட்டு வைத்தியக் கலாசாலைகளில் சேர 'நீட்' பரீட்சை கட்டாயமாயிற்று. அதற்கு அஞ்சி, உயிரியல் பாடமே வேண்டாம் என்று ஒதுக்குவோர் உளர். இவ்வச்சம் விவசாயக் குடும்பத்தாருக்குப் பெருநஷ்டம் விளைப்பது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்திலும், மாநிலத்துக்குரிய இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களைக் கொண்டே நிரப்பப்படுகின்றன. தொழிற்கல்விக்கு மாநிலம் நடத்திவந்த நுழைவுத் தேர்வு 2007-லேயே நீக்கப்பட்டது. அன்றியும், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசாங்கப் பள்ளியிற் படித்தவர்க்கு, வேளாண்மை, கால்நடை வைத்தியம், மீன்வளம், பொறியியல் ஆகிய படிப்புகளில் 2021 முதல் நூற்றுக்கு 7.5 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. கிராமத்துப் பிள்ளைக்கு இதனினும் நல்ல வாய்ப்பு எளிதிற் கிடைப்பதன்று.

ஆகவே, கணிதத்தில் ஓரளவு தேர்ச்சியுள்ள பிள்ளைக்குக் கணிதம், பௌதிகம், இரசாயனம், உயிரியல் ஆகிய நான்கும் சேர்ந்த தொகுதியே உத்தமம். அது எந்த வாயிலையும் அடைப்பதில்லை. பாரம் அதிகம் என்பது மெய்யே. கணிதம் கைகூடாத பிள்ளையை அதில் வற்புறுத்திச் சேர்த்து மதிப்பெண்ணை இழக்கச் செய்வதைக் காட்டிலும், பௌதிகம், இரசாயனம், தாவரவியல், விலங்கியல் கொண்ட தொகுதியில் விடுதல் நலம். தொழிற்பிரிவில் வேளாண் அறிவியல் பயின்றோரும் வேளாண்மைப் பட்டப் படிப்பில் சேர இடமுண்டு என்பதைப் பலர் அறியார். எண்ணெய், பருப்பு, மிளகாய் வியாபாரத்துக்குப் பேர்பெற்ற விருதுநகரில் கணக்கியலும் வணிகவியலும் தாழ்ந்த பாடங்கள் என்று யாரும் சொல்லத் துணியார். பிள்ளையின் நாட்டம் எங்கே என்பதே முதற்கேள்வி.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் இந்த ஜில்லா பல்லாண்டுகள் முதலிடம் பெற்றது. 2017, 2018 ஆகிய வருஷங்களிலும் அப்பெருமை இதற்கே கிடைத்தது. அது போற்றத்தக்கதே. எனினும், தேர்ச்சி விகிதம் குறையுமென்று அஞ்சி, விரும்பும் பிள்ளைக்கு விஞ்ஞானத் தொகுதியை மறுப்பது நீதியாகாது. தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கையோடு, அவர்கள் தேறியபின் எங்கே சென்றார்கள் என்பதையும் பள்ளிகள் கணக்கில் கொள்ளவேண்டும்.

மழை குன்றிய சிவகாசிச் சீமையில் விவசாயத்தை மட்டும் நம்பி வாழ இயலாமையால், 1920-களில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலும் பின்வந்த பட்டாசுத் தொழிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் காப்பாற்றின. ஆயினும், வேறு வழி அடைபட்டதனால் ஒரு பெண் மருந்து அறைக்குச் செல்வது வேறு. தானே விரும்பி ஒரு தொழிலை மேற்கொள்வது வேறு. அத்தொழிலுக்கும் இப்போது படிப்பு வேண்டியிருக்கிறது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு புகை குறைந்த பசுமைப் பட்டாசுகளையே அனுமதித்தபின், இரசாயனம் கற்றவரின் உதவியின்றி அத்தொழில் நடவாது.

பெற்றோர் செய்யவேண்டியன சில. பத்தாம் வகுப்பின் முடிவு வெளியாகுமுன்பே பிள்ளையைக் கலந்து பேசுக. கோவிலாங்குளத்து ஆராய்ச்சி நிலையத்துக்கேனும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்துக்கேனும் அவனை அழைத்துச் சென்று, வேளாண்மை கற்றவர் செய்யும் வேலையைக் காட்டுக. உள்ளூர்ப் பள்ளியில் வேண்டிய தொகுதி இல்லையெனில் அடுத்த ஊரில் விசாரிக்க. அரசாங்கம் மாணவருக்கு இலவசப் பஸ் பாஸும் சைக்கிளும் அளிப்பது இதற்கே உதவுவதாகும். பெண் பிள்ளைக்கு மட்டும் 'அருகில் உள்ளதே போதும்' என்று விட்டுவிடலாகாது. இத்தனையும் விசாரித்தபின் இடும் கையொப்பமே பிள்ளைக்கு நன்மை தரும்.